கோழித் தீவனத்தில் விடை கண்ட மருத்துவர் எய்க்மேன்

கோழியும் பன்றியும் வளர்ப்போர் இன்று தீவனத்தில் தவிட்டையும் நார்ச்சத்தையும் கவனித்துச் சேர்க்கிறார்கள். குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகும் ‘பிரிபயோடிக்’ பொருள்களும் தீவனத்தில் கலக்கப்படுகின்றன. தவிடு நீங்கிய தீவனம் ஓர் உயிரை என்ன செய்யும் என்பதை 130 ஆண்டுகளுக்கு முன்பே கோழிகளை வைத்துக் காட்டியவர் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மேன்.

1858 ஆகஸ்டு 11ஆம் தேதி நெதர்லாந்தின் நைகெர்க் நகரில், பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் ஏழாவது பிள்ளையாக அவர் பிறந்தார். ஆம்ஸ்டர்டாமில் இராணுவ மருத்துவம் பயின்று, 1883இல் இன்றைய இந்தோனேசியாவுக்குப் பணிக்கு வந்தார். மலேரியா தாக்கியதால் 1885இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. அடுத்த ஆண்டே மனைவியையும் இழந்தார்.

அந்நாளில் ஜாவாவிலும் சுமத்ராவிலும் சிப்பாய்களும் கைதிகளும் பெரிபெரி நோயால் மடிந்துகொண்டிருந்தனர். கால்கள் செயலிழந்து, இறுதியில் இதயமும் நின்றுபோகும் நோய் அது. காரணம் ஏதோ ஒரு கிருமி என்றே மருத்துவ உலகம் நம்பியது. பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் பயிற்சி பெற்ற எய்க்மேனும் அப்படித்தான் நம்பினார். 1886இல் ஆய்வுக் குழு ஒன்றுடன் மீண்டும் இந்தியத் தீவுகளுக்கு வந்த அவர், 1888இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ஆய்வுக்கூடத் தலைவரானார்.

நோயாளிகளிடமிருந்து எடுத்ததைக் கோழிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். ஆனால், 1889இல் ஊசி போடாத கோழிகளும் நோயுற்றன. நடை தள்ளாடியது, கொம்பில் அமர முடியாமல் விழுந்தன, கடைசியில் மூச்சுவிடவும் திணறின. சில மாதங்களில் நோய் வந்த சுவடே இல்லாமல் மறைந்தது.

குழம்பிய எய்க்மேன் தீவனத்தை விசாரித்தார். செலவைக் குறைப்பதற்காக ஆய்வுக்கூடப் பணியாளர், இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோற்றை வாங்கிப் போட்டிருந்தார். பிறகு வந்த புதிய சமையற்காரரோ, இராணுவத்தின் சோற்றை வெளிக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். பழையபடி தீட்டாத அரிசி போடப்பட்டது; கோழிகள் எழுந்து நடந்தன.

எய்க்மேன் பல ஆண்டுகள் இதைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். தீட்டிய அரிசி நோயைத் தந்தது. தவிடு அதைத் தீர்த்தது. ஜாவாவின் 101 சிறைகளில் அவருடைய நண்பர் ஃபோர்டர்மேன் நடத்திய கணக்கெடுப்பும் இதையே சொன்னது. தீட்டாத அரிசி உண்ட சிறைகளில் 10,000 பேரில் ஒருவருக்கே பெரிபெரி. தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 பேரில் ஒருவருக்கு!

ஆயினும் எய்க்மேன் சொன்ன விளக்கம் தவறானது. மாவுச்சத்தால் குடலில் நஞ்சு உண்டாகிறது, தவிடு அதை முறிக்கிறது என்று அவர் கருதினார். உடல்நலம் குன்றி 1896இல் அவர் ஊர் திரும்பிய பின், அதே ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901இல் உண்மையைச் சொன்னார். தவிட்டில் இருப்பது நஞ்சு முறிப்பான் அல்ல, உடலுக்குத் தேவையான ஒரு சத்து என்றார். அந்தச் சத்தே பின்னர் வைட்டமின் பி1 எனப்பட்டது.

இக்கதையில் மலாயாவுக்கும் பங்குண்டு. வெள்ளை அரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மாண்டபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாகவே இருந்ததை நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன் கவனித்தார். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசர், ஸ்டேன்டன் இருவரும் ஜாவானியச் சாலைத் தொழிலாளர்களிடையே ஆய்வு நடத்தி, தீட்டிய அரிசிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை 1909இல் உறுதிப்படுத்தினர். அவர்களும் கோழிகளைக் கொண்டே அரிசியைச் சோதித்தனர்.

1898 முதல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எய்க்மேனுக்கு, 1929இல் ஃபிரெடரிக் ஹாப்கின்ஸுடன் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நேரில் சென்று பெற முடியாத அளவுக்கு அவர் நோயுற்றிருந்தார். சரியான விளக்கம் தந்த கிரைன்ஸுக்கு அந்தப் பரிசில் பங்கு கிடைக்கவில்லை.

1930 நவம்பர் 5ஆம் தேதி எய்க்மேன் காலமானார். அவர் பணியாற்றிய ஜகார்த்தா ஆய்வுக்கூடம் பின்னர் அவர் பெயரையே தாங்கியது. கிருமியைத் தேடிப் புறப்பட்டவர், தள்ளாடிய சில கோழிகளைப் புறக்கணிக்காமல் அவற்றின் தீவனத் தட்டைப் பார்த்தார். எண்ணற்ற மனிதர்கள் பிழைக்க அது வழிவிட்டது.