சக்கர நாற்காலியில் வந்த வைத்தியம்

சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூரில், வானம் பார்த்த பெரம்பலூரில், பாட்டாளி எதை நம்பிப் பிழைக்கிறான்? கையை நம்பி, காலை நம்பி! லாரி மோதி முதுகெலும்பு முறிந்தால் உயிரைக் காப்பார்கள். அதன் பிறகு? அந்தக் கேள்விக்கு வாழ்வையே விடையாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

1925ல் கேரளத்தில் பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1954 ஜனவரியில் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போயிற்று. முடங்கினாரா? இல்லை! சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நடை இழந்தோர் தாமே உடுக்கவும், நகரவும், உழைக்கவும் அங்கே பழகினர். 1972ல் பத்மஸ்ரீ பெற்றார், 1986ல் மறைந்தார்.

அரியலூர்த் தோழன் வேலூர் வரை போகத்தான் வேண்டுமா? 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2022ல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மகிழ்கிறோம். ஆயினும், சாய்தளம் இல்லாத மருத்துவமனை, நடக்க முடியாதவனுக்குப் பூட்டிய வீடுதானே!

தோழர்களே! உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். சக்கர நாற்காலி படி தடுக்காமல் உள்ளே போகிறதா, கழிப்பறைக் கதவுக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். இல்லையெனில் மனு கொடுங்கள்; மறுபடியும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. நாம் கேட்பது கருணையன்று, உரிமை!