புளிச்ச தீவனத்துக்கு நோபல் பரிசு: யார் இந்த விர்தானென்?

தேனி மலை மாடுகள் காலங்காலமா மேகமலைக் காடுகளில் மேய்ஞ்சு வளர்ந்தவை. 2021-ல் அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022-ல் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சலுக்கு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. இனி கோடையில் மாட்டுக்கு என்னத்தைப் போடுறது? இதுதான் கம்பம் பள்ளத்தாக்கில் மாடு வெச்சிருக்கிறவங்களோட கவலை.

ஒரு வழி இருக்கு. மரவள்ளிக் கிழங்கைப் புளிக்க வெச்சு, 'ஊறுகாய்ப்புல்' மாதிரி சேமிச்சுக் கொடுக்கலாம். தீவனத்தை இப்படிச் சேமிக்கும் முறைக்கு அறிவியல் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர், ஆர்த்துரி இல்மரி விர்தானென்.

வெண்ணெய் ஆய்வகத்தில் ஆரம்பம்

1895 ஜனவரி 15-ல் பின்லாந்தின் ஹெல்சின்கியில் பிறந்தார். 1919-ல் முனைவர் பட்டம் வாங்கியவர், வெண்ணெய் ஏற்றுமதி செய்யும் கூட்டுறவு அமைப்பான வாலியோவின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சூரிச், ஸ்டாக்ஹோம் போய் மேற்கொண்டும் படிச்சார்.

அவங்க ஊர்ப் பிரச்சினை கோடை இல்லை, பனிக்காலம். மாசக்கணக்கில் மாடு தொழுவத்திலேயே நிற்கும். சேமிச்ச பசுந்தீவனமோ கெட்டுப்போய் புரதம் வீணாகும். தீவனம் தரமா இல்லைன்னா பாலும் குறையும், வெண்ணெயும் குறையும்.

அமிலம் ஊத்துனா மாடு தாங்குமா?

விர்தானென் கண்டுபிடிச்சது எளிமையான விஷயம். தீவனத்தோட பிஹெச் அளவை 4-க்குக் கீழே சீக்கிரமா கொண்டுவந்துட்டா, புரதத்தைச் சிதைக்கும் வேலை கிட்டத்தட்ட நின்னுடும். அதுக்காக நீர்த்த ஹைட்ரோகுளோரிக், சல்பூரிக் அமிலங்களைப் பசுந்தீவனத்தில் தெளிச்சார். அவர் பெயரின் முதலெழுத்துகளாலேயே அது 'ஏஐவி முறை' ஆனது.

அமிலம் தெளிச்ச தீவனம் மாட்டுக்கு ஆகுமா, பால் கெடாதா? நியாயமான சந்தேகம்தான். மாடுகளுக்குக் கொடுத்து, பாலையும் சோதிச்சுப் பதில் சொன்னார். சொந்தமா ஒரு பண்ணையே வாங்கி அங்கேயும் சோதனை செஞ்சார். 1945-ல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குத்தான். தீவனத்தைப் பாதுகாக்கும் முறையையே பரிசுக்குழு சிறப்பா குறிப்பிட்டது.

மரவள்ளிக்கு எப்படிப் பொருந்தும்?

மரவள்ளிக்கு அமிலம் ஊத்த வேண்டியதில்லை. புரதம் நிறைஞ்ச பசுந்தீவனம் தானா புளிப்பது கஷ்டம். மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கிற கிழங்கு, இட்லி மாவு மாதிரி தானாவே புளிக்கும். பொடிசா நறுக்கி, காத்து துளியும் இல்லாம அழுத்தி மூடணும். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மீதியைப் பார்த்துக்கும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பச்சை மரவள்ளிக் கிழங்கிலும் இலையிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கு. அப்படியே தின்னா மாடு செத்தும் போகலாம். நறுக்கி, புளிக்க வைக்கும்போது அந்த நஞ்சு கணிசமா குறையும்.

குறை ஒண்ணுதான்: கிழங்கில் புரதம் ரொம்பக் கம்மி. இங்கேயும் விர்தானென் வர்றார். 1960-களில், புரதமே இல்லாத தீவனத்தோட யூரியாவும் அம்மோனியம் உப்பும் கொடுத்துப் பசுக்களைப் பால் கறக்க வெச்சுக் காட்டினார். இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிரிகள் அந்த நைட்ரஜனைப் புரதமா மாத்திடும். ஆனா யூரியா அளவு மீறினா உயிருக்கே ஆபத்து. கால்நடை மருத்துவரைக் கேட்காம கை வைக்கக் கூடாது. கிழங்கோட வேலிமசால், அகத்தி மாதிரி தழைகளைச் சேர்ப்பது பாதுகாப்பான வழி.

1973 நவம்பர் 11-ல் விர்தானென் காலமானார். நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வெச்சிருக்காங்க. புளிப்பு வாசத்தோட தீவன மூட்டையைப் பிரிக்கிற பல பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. அதுக்குள்ள நடந்திருக்கிறது அவர் சொல்லிட்டுப் போனதுதான்.