தோல் புற்றின் வேர் தேடிய மருத்துவர் மோஸ்

1910-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர் பிரெடரிக் மோஸ். அம்மாநிலப் பல்கலைக்கழக மாணவராய் விலங்கியல் பேராசிரியர் மைக்கேல் கையரின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது, துத்தநாகக் குளோரைடு திசுவைக் கொன்றாலும் அதன் நுண்ணமைப்பைச் சிதைப்பதில்லை எனக் கண்டார்.

வெயிலில் உழைக்கும் நம் தருமபுரி மாவட்டத்து உழவர்க்குத் தோலின் கருநிறமே ஓரளவு காப்பு; எனினும் பழைய தீக்காயத் தழும்பில் தோல் புற்று எழுவதுண்டு. வெள்ளை நிறத்தாரையோ அது பெரிதும் முகத்தில் தாக்கும். மேலே கடுகளவாய்த் தெரியினும் அடியில் வேரோடியிருக்கும். குறைத்து அறுத்தால் நோய் மீளும். கூட்டி அறுத்தால் மூக்கோ இமையோ போய்விடும். மோஸ் அக்களிம்பிட்டு, மெல்லிய படலமாக அறுத்து, அதன் அடிப்பரப்பையும் ஓரங்களையும் முழுமையாகத் தாமே நுண்ணோக்கியில் ஆய்ந்தார். நோய் எஞ்சிய இடத்தை வரைபடத்தில் குறித்து, அங்கு மட்டுமே மீண்டும் அறுத்தார். அறுப்பவரே ஆய்பவருமானார் என்பதே இதன் தனிச்சிறப்பு.

1936-இல் தொடங்கிய இச்சிகிச்சையை 1941-இல் கட்டுரையாக வெளியிட்டார். களிம்பு கடுவலி தந்தது. மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஐயுற்றே நோக்கியது. 1953-இல் கண்ணிமை அறுவை ஒன்றைப் படம்பிடித்தபோது, நேரம் கருதி, மறுபடலத்தைக் களிம்பின்றியே அறுத்தார். பின்னர் அம்முறையே பரவியது. புண்ணை அன்றே தைத்துச் சீரமைக்கவும் இயன்றது. இழந்த மூக்கை நெற்றித் தோலால் அமைக்கும் இந்திய முறையும் இன்று அதற்குக் கைகொடுக்கிறது. மோஸ் 2002-இல் மறைந்தார்.