அறிஞர் இஸ்மாயீல் அல்ஜஸரீ

1999இல் ஜப்பானில் ஐபோ என்னும் எந்திர நாய்கள் 3,000மும் 20 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. விளையாட்டுக்கும் துணைக்குமான இத்தகைய ரோபோக்கள் சுவா சூ காங்கில் கடை நடத்தும் நம்மவர்க்கும் நாளைய சரக்கே. இத்தொழிலின் முன்னோடியை அறிவோம்.

அல்ஜஸரீ அவர்கள் தியார்பக்கிரில் அர்துகீ மன்னர்களிடம் 25 ஆண்டுகள் பணியாற்றியவர். குளத்தில் மிதக்கும் படகில், தண்ணீர் விசையால் தாமே கொட்டடித்துக் குழலூதும் பதுமைகளை அமைத்து அரச விருந்தினரை மகிழ்வித்தார். மன்னருக்கோ, உளூச் செய்யும்போது பணியாள் நீர் வார்ப்பது பிடிக்கவில்லை. அதையறிந்து, நீர் வார்த்துத் துவாலையும் நீட்டும் பதுமையொன்றைச் செய்து கொடுத்தார். படகு வேடிக்கையைவிட இதையே நாம் மெச்சுகிறோம். வாங்குபவரின் தேவையறிந்த வேலையல்லவா! 1206இல் 50 கருவிகளை, அளவுகளோடும் படங்களோடும், பிற கைவினைஞரும் செய்து பார்க்கும்படி நூலாக்கினார்.