பத்துப் பாசுரமும் நாலாயிரமும்

ஆழ்வார்களுக்குப் பின் ஆசார்ய பரம்பரையின் முதல்வராகப் போற்றப்பெறும் ஸ்ரீமந் நாதமுனிகள், 1,000 ஆண்டுகளுக்கும் முன்னர் வீரநாராயணபுரம் எனும் காட்டுமன்னார்கோயிலில் ஆனி அனுஷத்தன்று அவதரித்தார். வேதத்திலும் யோகத்திலும் வல்லவராய் மன்னனார் சந்நிதியில் கைங்கர்யம் புரிந்து வந்தார்.

ஒருநாள் மேல்நாட்டு யாத்ரிகர் சிலர் குடந்தை ஆராவமுதன்மீது பதிகமொன்றைச் சேவித்தனர். அஃது ஆயிரத்துள் ஒரு பகுதி என்று அதன் இறுதிப் பாசுரம் உணர்த்துவதைக் கவனித்த நாதமுனிகள், எஞ்சியவை எங்கே என வினவினார். அவர்கள் அறிந்திலர்.

அச்சிறு வினா அவரை உறங்கவிடவில்லை. குடந்தை சென்றார், பின்னர்த் திருக்குருகூர் சென்றார். அங்கும் பாசுரங்கள் வழக்கொழிந்திருந்தன. பராங்குசதாசர் உபதேசித்த மதுரகவிகளின் பிரபந்தத்தை 12,000 முறை அநுஸந்தித்தார். நம்மாழ்வார் காட்சி தந்து நாலாயிரத்தையும் அருளினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. வேதம் வல்ல அந்தணர், வேளாளர் குலத்து உதித்த ஆழ்வாருக்கு மாணாக்கரானார்!

பெற்றதைத் தமக்கென வைத்துக்கொண்டாரல்லர். பாசுரங்களை வகுத்து, இசையமைத்து, தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார். அரையர் சேவை அவர் வழி வளர்ந்தது. திருவரங்கத்துப் பகல் பத்திலும் இராப் பத்திலும் நாலாயிரமும் ஒலிக்கலாயிற்று. தமிழ் மறை வடமொழி மறைக்கு ஒப்பாயிற்று.

இன்றும் திருவீதிப் புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னே அருளிச்செயல் கோஷ்டியும் பின்னே வேத கோஷ்டியும் எழுந்தருளக் காண்கிறோம். அன்று அவர் வினவாதிருந்தால், முன்னே செல்வோர் எதனைச் சேவிப்பர்? அன்பர்கள் இதனைச் சிந்தித்து, தம் மக்களுக்கு ஒரு பாசுரமேனும் கற்பிப்பாராக.