டான் ஆரனோவ்: துணை அதிபருக்கும் படகு விற்றார், கடத்தல்காரர்களும் அதே படகில் பறந்தனர்... நடுத்தெருவில் சுடப்பட்டது ஏன்?

1987 பிப்ரவரி 3. அமெரிக்காவின் புளோரிடா மாகாணம், மயாமி நகரின் வடக்கே உள்ள 188-வது தெரு. படகுக் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் முட்டுச்சந்து அது. பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டு, தன்னுடைய வெள்ளை மெர்சிடிஸ் காரில் கிளம்பினார் ஒருவர். எதிரே வந்த கறுப்பு நிற லிங்கன் கார் அருகில் வந்து நின்றது. அடுத்த சில நொடிகளில் துப்பாக்கிச் சத்தம். காரில் இருந்தவர் உயிர் பிழைக்கவில்லை.

கொல்லப்பட்டவர் டான் ஆரனோவ். உலகின் அதிவேக மோட்டார் படகுகளுக்குத் தந்தை என்று கொண்டாடப்பட்டவர். 60-வது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது.

யார் இந்த ஆரனோவ்? அவர் செய்த படகில் அப்படி என்ன விசேஷம்? வேகத்தை விற்ற மனிதரின் உயிருக்கு யார் குறி வைத்தார்கள்? பார்க்கலாம்.

புரூக்ளின் பையன், மயாமி பணக்காரர்

1927 மார்ச் 3-ம் தேதி நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் ஆரனோவ். இரண்டாம் உலகப்போர் காலத்தில் வணிகக் கப்பல் படையில் வேலை பார்த்தார். போர் முடிந்ததும் நியூ ஜெர்சியில் கட்டுமானத் தொழிலில் இறங்கி, 30-களின் தொடக்கத்திலேயே பெரும் பணக்காரர் ஆகிவிட்டார்.

போதும், இனி ஓய்வு என்று குடும்பத்தோடு மயாமிக்கு இடம் மாறினார். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. அந்த நேரத்தில்தான் கடல் படகுப் பந்தயம் அவர் கண்ணில் பட்டது. 1962-ல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவு வரை நடந்த பந்தயத்தில் கலந்துகொண்டார். அதே ஆண்டு ஃபார்முலா என்ற பெயரில் படகுக் கம்பெனியும் தொடங்கிவிட்டார்.

படகின் அடிப்பாகத்தில் இருந்த ரகசியம்

அதுவரை வேகப் படகுகளின் பின்பகுதியில், அடிப்பாகம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். அமைதியான ஏரியில் அது பிரச்சினை இல்லை. கடலில் அலை மீது வேகமாகப் போனால், ஒவ்வொரு அலையும் கல்லில் அடிப்பது போல படகைத் தூக்கிப் போடும். முதுகெலும்பு உடைந்தவர்களும் உண்டு.

இதற்குத் தீர்வு கண்டவர் ரே ஹன்ட் என்ற வடிவமைப்பாளர். படகின் அடிப்பாகத்தை முன்னிருந்து பின் வரை ஆழமான V வடிவில் அமைத்தார். தட்டை அடிப்பாகம் தண்ணீரை அறையும். V அடிப்பாகம் கத்தி மாதிரி அலையைக் கிழித்துக்கொண்டு போகும். 1960-ல் இந்த வடிவத்தில் வந்த மாப்பி என்ற படகு, மயாமி - நசாவு பந்தயத்தில் கரடுமுரடான கடலிலும் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டு ஜெயித்தது.

ஆரனோவ் படகு வடிவமைக்கப் படித்தவர் இல்லை. நல்ல வடிவமைப்பாளர்களைப் பிடித்து வேலை வாங்குவதில்தான் அவர் கில்லாடி. அதே V வடிவத்தை இன்னும் நீளமாக, ஒல்லியாக, வலுவாகச் செய்யச் சொன்னார். பிறகு தானே அந்தப் படகில் ஏறிப் பந்தயத்துக்குப் போனார். ஜெயித்தால் அதுதான் விளம்பரம். 1967, 1969 என இரண்டு முறை உலக சாம்பியன் பட்டம் வென்றார்.

செய், ஜெயி, விற்றுவிடு

அவருடைய வியாபார சூத்திரம் எளிமையானது. கம்பெனி தொடங்குவார், அந்தப் படகில் பந்தயம் ஜெயிப்பார், பெயர் வந்ததும் நல்ல விலைக்கு விற்றுவிடுவார். விற்ற கையோடு புதுக் கம்பெனி தொடங்கி, தான் விற்ற கம்பெனிக்கே போட்டியாக நிற்பார். ஃபார்முலாவுக்குப் பிறகு 1964-ல் டோன்சி, 1966-ல் மேக்னம், அந்தப் பத்தாண்டின் இறுதியில் சிகரெட் என அடுத்தடுத்து வந்தன. படகுக் கம்பெனிகள் நிறைந்த 188-வது தெருவுக்கு இடிப்படகுத் தெரு என்ற அர்த்தத்தில் பட்டப்பெயரே விழுந்தது.

சிகரெட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமலில் இருந்தது. அப்போது நியூயார்க் கடலோரத்தில் கள்ளச்சரக்கு கடத்திய ஒரு வேகப் படகின் பெயர்தான் சிகரெட். கடத்தல் படகின் பெயரையே ஆரனோவ் தன் படகுக்கு வைத்தார். அந்தப் பெயர் பிறகு அவரையே துரத்தும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒரே படகு, இரண்டு தரப்பு

ஈரான் மன்னர் ஷா, ஜோர்டான் மன்னர் ஹுசைன் போன்றவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் ஹெச்.டபிள்யூ. புஷ்ஷும் 28 அடி சிகரெட் படகு ஒன்றை வாங்கி, ஃபிடலிட்டி என்று பெயர் வைத்து ஓட்டினார். இருவரும் நண்பர்களாகவும் ஆனார்கள்.

மறுபக்கம், இதே ரகப் படகுகள் கடத்தல்காரர்களுக்கும் ரொம்பப் பிடித்துப் போயின. காரணம் எளிது. பஹாமாஸின் பிமினி தீவு மயாமியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான். ராத்திரியில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் கரை சேர்ந்துவிடலாம். தண்ணீரை ஒட்டித் தாழ்வாகப் போகும் ஃபைபர் படகு ரேடாரிலும் எளிதில் சிக்காது. சுங்கத்துறையின் படகுகளால் துரத்திப் பிடிக்க முடியவில்லை.

1982-ல் தெற்கு புளோரிடா போதைப்பொருள் தடுப்புக் குழுவுக்குத் துணை அதிபர் புஷ் தலைமை ஏற்றார். கடத்தல் படகைப் பிடிக்க அதைவிட நல்ல படகு வேண்டுமே? சுங்கத்துறை வந்து நின்றது ஆரனோவிடம்தான். அதற்குள் சிகரெட் கம்பெனியை விற்றுவிட்டிருந்த அவர், யு.எஸ்.ஏ. ரேசிங் டீம் என்ற புதுக் கம்பெனியில் 39 அடி நீள இரட்டை அடிப்பாகப் படகுகளைக் கட்டிக் கொடுத்தார். புளூ தண்டர் என்பது அவற்றின் பெயர்.

சிக்கலை இழுத்த ஒரு விற்பனை

இங்கேதான் கதை திரும்புகிறது. பழைய வழக்கப்படி ஆரனோவ் இந்தக் கம்பெனியையும் விற்றார். வாங்கிய பென் கிரேமர், அதே தெருவில் தொழில் செய்த படகுப் பந்தய வீரர். ஏற்கெனவே போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவர். கடத்தலைத் தடுக்கும் படகை இப்படி ஒருவரின் கம்பெனி கட்டுவதா என்று அரசுத் தரப்பு எதிர்ப்பு காட்டியது. ஒப்பந்தம் கைநழுவும் நிலை வர, ஆரனோவ் கம்பெனியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்தக் கொடுக்கல் வாங்கலில் மூண்ட பகைதான் கொலையில் முடிந்தது என்பது விசாரணையில் முன்வைக்கப்பட்ட கோணம். ஆனால் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கிரேமர் வேறொரு கடத்தல் வழக்கில் 1988-ல் ஆயுள் தண்டனை பெற்றார். 1989-ல் ஹெலிகாப்டர் மூலம் சிறையிலிருந்து தப்ப முயன்று, அது வேலியில் சிக்கி விழுந்ததில் காயத்தோடு பிடிபட்டார். கொலை வழக்கில் துப்பாக்கியால் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட பாபி யங் 1995-லும், கிரேமர் 1996-லும் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடப் போவதில்லை என்று நீதிமன்றத்தில் தெரிவித்து தண்டனை பெற்றார்கள். முழு விசாரணை நடக்காததால் சில கேள்விகளுக்கு நீதிமன்றத்தில் பதில் கிடைக்காமலே போனது.

இன்று ஆரனோவின் படகு எங்கே?

அவர் காலத்துச் சிகரெட் படகில் இன்ஜின் உள்ளே இருக்கும். முன்பக்கம் நீளமாக மூடியிருக்கும். இன்று புளோரிடா பணக்காரர்கள் அதிகம் விரும்புவது சென்டர் கன்சோல் ரகம். ஸ்டீயரிங் மேடை படகின் நடுவில் இருக்கும். சுற்றிலும் நடக்கலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் மீன் பிடிக்கலாம். இன்ஜின்கள் பின்னால் வெளியே வரிசையாகத் தொங்கும். சிகரெட் கம்பெனியே 59 அடியில் ஆறு இன்ஜின் பூட்டிய சென்டர் கன்சோல் விற்கிறது. அடியில் இருப்பது மட்டும் அதே ஆழமான V.

வாங்குவது பெரிசில்லை, வைத்து ஓட்டுவதுதான் கஷ்டம். 300 குதிரைத்திறன் இன்ஜின் நான்கை முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்கு சுமார் 400 லிட்டர் பெட்ரோல் போகும். கடலில் போய் வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். சுமார் 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை சர்வீஸ். இன்ஜின் நான்கு என்றால் செலவும் நான்கு மடங்கு.

பணத்தைவிட முக்கியம் உயிர். அலையில் படகு எகிறும்போது ஓட்டுபவர் தூக்கி வீசப்படலாம். ஆளில்லாத படகு சுற்றி வந்து அவரையே ஏற்றிவிடலாம். அதனால்தான் ஓட்டுநரின் உடலோடு கட்டிய கயிறு இழுபட்டதும் இன்ஜின் அணையும் ஏற்பாடு. 26 அடிக்குக் குறைவான படகுகளில் இதைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஆரனோவின் வாழ்க்கையை அடிப்படையாக வைத்து 2018-ல் ஜான் டிரவோல்டா நடிப்பில் ஸ்பீட் கில்ஸ் என்ற படமும் வந்தது. கொந்தளிக்கும் கடலில் எத்தனையோ பந்தயங்களில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவர் ஆரனோவ். கடல் அவரைக் கொல்லவில்லை. தான் வளர்த்த தெருவில், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த காரில்தான் அவர் உயிர் போனது. ஃபார்முலா, டோன்சி, மேக்னம், சிகரெட் என அவர் தொடங்கிய நான்கு பெயர்களும் இன்றும் தண்ணீரில் ஓடிக்கொண்டிருக்கின்றன.