பெஞ்சமின் ராபின்ஸ்

பெஞ்சமின் ராபின்ஸ் (1707 – ஜூலை 29, 1751) ஆங்கிலேயக் கணிதவியலாளரும் படைத்துறைப் பொறியியலாளரும் ஆவார். எறியியலைச் சோதனை அடிப்படையிலான அறிவியலாக மாற்றியவர்களுள் முதன்மையானவர். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் எறியியல் ஊசலை உருவாக்கியதும், புரியிட்ட குழலிலிருந்து (ரைபிள்) வெளிவரும் குண்டு ஏன் நேராகச் செல்கிறது என்பதை விளக்கியதும் இவரது முக்கியப் பணிகள். இன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியம் அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தின் கடற்கரையில், தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் இவர் காலமானார்.

இளமையும் கணிதப் பணியும்

ராபின்ஸ் இங்கிலாந்தின் பாத் நகரில் வசதி குறைந்த குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது கணிதத் திறமையைக் கண்ட நண்பர்கள் இவரை இலண்டனுக்கு அனுப்பினர். அங்கு ஹென்றி பெம்பர்ட்டனின் ஆதரவு கிடைத்தது. நியூட்டனின் நூல் ஒன்றில் இருந்த தேற்றத்துக்கு இவர் எழுதிய நிறுவல் 1727 இல் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதே ஆண்டில், இருபது வயதில், அக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நியூட்டனின் நுண்கணித முறையைப் பேராயர் பார்க்லி குறைகூறியபோது, அம்முறைக்கு ஆதரவாக 1735 இல் ஒரு நூல் எழுதினார்.

தனியாகக் கணிதம் கற்பித்து வாழ்ந்துவந்த ராபின்ஸ், பாலங்கள், துறைமுகங்கள், கோட்டைகள் ஆகியவற்றின் கட்டுமானத்திலும் ஆர்வம் கொண்டார். பிரதமர் வால்போலுக்கு எதிராக அரசியல் துண்டுநூல்களும் எழுதினார். 1741 இல் வுலிச்சில் தொடங்கப்பட்ட படைத்துறைக் கல்விக்கூடத்தில் இவர் எதிர்பார்த்த பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. இந்த அரசியல் எழுத்துகளே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்

1742 இல் ராபின்ஸின் முதன்மை நூலான பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் வெளிவந்தது. அக்காலத்துப் பாடநூல்கள், குண்டு பரவளைவுப் பாதையில் செல்வதாகவும் காற்றுத் தடை பொருட்படுத்தத் தக்கதன்று எனவும் கூறின. இதைச் சோதிக்கக் குண்டின் வேகத்தை அளக்க வேண்டியிருந்தது.

இதற்கென ராபின்ஸ் வடிவமைத்த எறியியல் ஊசல் எளிய அமைப்புடையது. கனமான கட்டை ஒன்று ஊசல்போல் தொங்கவிடப்படும். சுடப்பட்ட குண்டு அதில் புதைந்ததும் கட்டை பின்னோக்கி ஆடும். ஆடிய தூரத்தை அதனுடன் இணைத்த நாடா காட்டும். குண்டின் எடை, ஊசலின் எடை, ஆடிய தூரம் ஆகியவற்றிலிருந்து உந்த அழிவின்மை விதியின்படி குண்டின் வேகம் கணக்கிடப்படும்.

இவ்வாறு அளந்தபோது மஸ்கெட் துப்பாக்கிக் குண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி (சுமார் 520 மீட்டர்) எனத் தெரிந்தது. காற்று இல்லையெனில், இவ்வேகத்தில் 45 பாகை சாய்வில் சுடப்பட்ட குண்டு 17 மைல் செல்ல வேண்டும். உண்மையில் அது ஒரு மைலைக்கூட எட்டுவதில்லை. குண்டின் மீதான காற்றுத் தடை, குண்டின் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்டது என ராபின்ஸ் காட்டினார். ஒலியின் வேகத்தை ஒட்டித் தடை திடீரெனக் கூடுவதையும் கண்டறிந்தார்.

கணித மேதை ஆய்லர் இந்நூலை விரிவான குறிப்புகளுடன் செருமன் மொழியில் பெயர்த்து 1745 இல் வெளியிட்டார். 1746 இல் அரச கழகம் ராபின்ஸுக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. பிற்காலத்தில் பிரான்சின் பேரரசரான நெப்போலியன், பீரங்கிப் படையின் இளம் அதிகாரியாக இருந்தபோது 1788 இல் இந்நூலின் கருத்துகளைக் கற்றுக் குறிப்பெடுத்துள்ளார்.

குண்டின் சுழற்சி

வழவழப்பான குழலிலிருந்து சுடப்படும் உருண்டைக் குண்டு ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் விலகிச் செல்லும். குழலின் சுவரில் உரசுவதால் குண்டு ஏதோ ஓர் அச்சில் சுழல்கிறது என்றும், சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது என்றும் ராபின்ஸ் விளக்கினார். இதை மெய்ப்பிக்க, துப்பாக்கிக் குழலின் முனையைச் சற்றே இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். வழியில் வைத்த தாள் திரைகளில் விழுந்த துளைகள், முதலில் இடப்பக்கம் புறப்பட்ட குண்டு பின்னர் வலப்பக்கம் திரும்பியதைக் காட்டின. ஆய்லர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1852 இல், செருமானிய இயற்பியலாளர் மாக்னஸ் இவ்விளைவை ஆராய்ந்தார். இன்று அது மாக்னஸ் விளைவு என்றே அழைக்கப்படுகிறது.

1747 இல் அரச கழகத்தில் படித்த கட்டுரையில் ராபின்ஸ் புரியிட்ட குழலை ஆராய்ந்தார். குழலின் உட்புறத்தில் திருகுபோல் வெட்டப்பட்ட புரிகள், குண்டைச் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல வைக்கின்றன. ஆகவே காற்று அதை எப்பக்கமும் தள்ளுவதில்லை. உருண்டைக்குப் பதிலாக முட்டை வடிவக் குண்டுகளைப் பயன்படுத்தலாம் என்றும் அவர் பரிந்துரைத்தார். இக்குழலின் தன்மையை முதலில் முழுமையாக உணர்ந்து தன் படைக்கு வழங்கும் நாடு பிற நாடுகளை விஞ்சும் எனவும் முன்னுரைத்தார். எனினும் புரிகுழலில் குண்டை அழுத்தி இறக்க நேரமானதால், அடுத்த நூறாண்டுகளுக்குப் பெரும்பாலான படைவீரர்கள் வழவழப்பான குழலையே ஏந்தினர்.

கடலூரில்

1749 இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1746 இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியது முதல் கடலூரின் புனித டேவிட் கோட்டையே சோழமண்டலக் கரையில் கம்பனியின் தலைமையிடமாக இருந்தது. 1749 இல் சென்னை திரும்பக் கிடைத்த பின்னரும் 1752 வரை இந்நிலை நீடித்தது. கோட்டைகளின் வலுவின்மை வெளிப்பட்டுவிட்ட நிலையில், அவற்றைச் சீரமைக்கும் பொறுப்பு ராபின்ஸுக்குத் தரப்பட்டது.

1750 ஜூலையில் கடலூர் வந்தடைந்த அவர், இரு கோட்டைகளுக்கும் திட்டங்கள் வகுத்தார். வானியல் ஆய்வுக்கான கருவிகளையும் உடன் கொண்டுவந்திருந்தார். ஆனால் சில மாதங்களிலேயே காய்ச்சல் கண்டது. அடுத்த ஆண்டு உடல்நலம் மீண்டும் குன்றி, ஜூலை 29, 1751 அன்று புனித டேவிட் கோட்டையில் இறந்தார். இலண்டன் இயக்குநர்களுக்கான அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது, கையில் பேனாவுடன் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. 1758 இல் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை இக்கோட்டையைக் கைப்பற்றி இடித்தது. ராபின்ஸின் கட்டுரைகளை ஜேம்ஸ் வில்சன் தொகுத்து 1761 இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

முறுக்கு வீதமும் குண்டின் எடையும்

குழலின் புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்கான நீளம் முறுக்கு வீதம் எனப்படும். இந்நீளம் குறைந்தால் குண்டு வேகமாகச் சுழலும். உருண்டைக் குண்டுக்கு மெதுவான முறுக்கே போதும். நீண்ட குண்டைக் காற்று கவிழ்க்க முயலும். அதை எதிர்த்து, பம்பரம்போல் நிமிர்ந்து நிற்க அதற்கு வேகமான சுழற்சி தேவை.

இதற்கு 1850களில் இருந்த இரு பிரித்தானியத் துப்பாக்கிகள் நல்ல எடுத்துக்காட்டு. 1857 இந்தியக் கிளர்ச்சியில் பேசப்பட்ட என்பீல்டு துப்பாக்கி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுக் கொண்டது. விட்வொர்த் துப்பாக்கி 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றுக் கொண்டது. இரண்டின் குண்டும் 530 கிரெய்ன் (சுமார் 34 கிராம்) எடையே. விட்வொர்த்தின் குண்டு ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தது. எனவே முறுக்கைத் தீர்மானிப்பது எடை மட்டுமன்று; விட்டத்தை ஒப்பிட்ட நீளமே முதன்மையானது. ஒரே விட்டத்தில், ஒரே உலோகத்தில் எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால்தான் நடைமுறையில் எடையைக் கொண்டு முறுக்கைக் கூறுகின்றனர். ஈயத்தைவிட அடர்த்தி குறைந்த செம்பினால் மட்டும் ஆன குண்டு, அதே எடையில் அதிக நீளமாவதால் வேகமான முறுக்கை வேண்டும்.

1879 இல் வுலிச்சில் பேராசிரியர் கிரீன்ஹில் எளிய வாய்பாடு ஒன்றைத் தந்தார். குண்டின் விட்டத்தின் இருமடியை 150 ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு நீளம் கிடைக்கும். 8 மி.மீ. விட்டமும் 24 மி.மீ. நீளமும் கொண்ட ஈயக் குண்டுக்கு 400 மி.மீ. போதும். நீளம் 32 மி.மீ. ஆனால் 300 மி.மீ. தேவை. மிக வேகமான குண்டுகளுக்கு 150க்குப் பதில் 180 எடுத்துக்கொள்ளப்படும்.

அமெரிக்காவின் எம்-16 துப்பாக்கி தொடக்கத்தில் 14 அங்குல முறுக்குடன் வந்தது. குளிர்ந்த, அடர்ந்த காற்றில் குண்டு தடுமாறியதால் 1960களில் அது 12 அங்குலமாக மாற்றப்பட்டது. பின்னர் 55 கிரெய்ன் குண்டுக்குப் பதில் 62 கிரெய்ன் குண்டும், அதனினும் நீளமான ஒளிரும் குண்டும் வந்தபோது 7 அங்குலமாகியது. தேவைக்கு மேற்பட்ட முறுக்கும் கேடு தரும். குண்டின் சிறு சமநிலைக் குறையையும் அது பெரிதாக்கும். மெல்லிய உறையுள்ள குண்டு சிதறவும் கூடும்.

முக்கியத்துவம்

ராபின்ஸ் வாய்பாடு எதையும் முறுக்கு வீதத்துக்குத் தரவில்லை. ஆனால் காற்றைப் புறக்கணித்தால் கணக்கு பொய்க்கும் என்பதையும், குண்டின் பாதையை அதன் சுழற்சி தீர்மானிக்கிறது என்பதையும் அளந்து காட்டியவர் அவரே. பின்வந்த வாய்பாடுகள் இவ்விரண்டையும் அடித்தளமாகக் கொண்டவை. வுலிச்சில் சார்லஸ் ஹட்டன் 1775 முதல் இவரது ஊசலைப் பெரிதாக்கிப் பீரங்கிக் குண்டுகளின் வேகத்தை அளந்தார்.